டொமிடாவின் டெபுஸி: ஒற்றைச் சுரமாய்க் கோத்த இசைத்தட்டு

ஐந்து சுரங்கள் சேர்ந்த ஒரு கார்டைப் பியானோவில் வாசிக்க ஒரு நொடிகூட வேண்டாம். ஜப்பானிய இசையமைப்பாளர் இசாவோ டொமிடா 1974-இல் வெளியிட்ட ‘ஸ்னோஃப்ளேக்ஸ் ஆர் டான்சிங்’ தட்டில் அதே கார்டு கேட்க வேண்டுமென்றால், ஐந்து முறை தனித்தனியாக வாசித்து, டேப்பில் தனித்தனி டிராக்கில் பதிந்து, பிறகு சேர்த்தாக வேண்டும். அவர் கையிலிருந்த மோக் மாடுலர் சிந்தசைசர், அதாவது மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கருவி, ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் கொடுக்கும். தயார் ஒலி எதுவும் அதற்குள் கிடையாது. ஒலியை எழுப்பும் ஆஸிலேட்டர், அதைச் சீவி நிறம் மாற்றும் ஃபில்டர், அது எழுந்து அடங்கும் விதத்தை ஆளும் என்வலப் என்று பெட்டி பெட்டியாக இருப்பதை வயர் போட்டு இணைத்து, குமிழைத் திருகித் திருகி, வேண்டிய நிறம் வரும்வரை தேட வேண்டும். கிடைத்ததைச் சேமித்து வைக்க வழியில்லை. வயரை உருவினால் அந்த ஒலி போயிற்று. அடுத்த சுரத்துக்கு முன்னால் ஸ்ருதியை மறுபடி சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்து மோக் ஆஸிலேட்டர்கள் அறை சூடேறினால் ஸ்ருதி விலகும்.

ஓராண்டுக்கும் மேல் இப்படி உட்கார்ந்து கட்டியதுதான் இந்த நாற்பது நிமிடச் சொச்சம். பத்துப் பாட்டு, பத்தும் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி பியானோவுக்கு எழுதியவை. ஜப்பானில் இதன் பெயர் ‘நிலவொளி’ என்று பொருள்படும் ‘த்சுகி நோ ஹிகாரி’.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொமிடா 1932-இல் டோக்கியோவில் பிறந்தவர், 2016-இல் மறைந்தார். சிந்தசைசர் பக்கம் வருவதற்கு முன்பே தொலைக்காட்சிக்கும் படங்களுக்கும் எழுதி நல்ல பெயர் எடுத்தவர். ‘ஜங்கிள் எம்பரர்’ அனிமேஷன் தொடரின் இசை அவருடையது. வெண்டி கார்லோஸ் 1968-இல் பழைய ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் படைப்புகளை மோக்கில் வாசித்து வெளியிட்ட தட்டைக் கேட்டுத்தான் அந்தக் கருவி மேல் ஆசை வந்தது. 1971-இல் அமெரிக்காவிலிருந்து வரவழைத்தபோது, வயரும் குமிழுமாக இருந்த அந்தப் பெட்டியை இசைக்கருவி என்று நம்பாமல் சுங்கத்தில் நிறுத்திவைத்துவிட்டார்கள். தட்டு முடிந்த பிறகும் ஜப்பானிய இசை நிறுவனங்கள் ஏற்கவில்லை. கடைக்காரர் இதை எந்த அலமாரியில் வைப்பார் என்பது அவர்கள் கவலை. நியூயார்க்கில் ஆர்சிஏ எடுத்துக்கொண்டு, செவ்வியல் இசைக்கான ரெட் சீல் முத்திரையில் வெளியிட்டது. கிராமி விருதுக்கு நான்கு பரிந்துரைகள் கிடைத்தன. இந்த வேலையில் டொமிடாவிடம் உதவியாளராக இருந்து பழகிய ஹிதேகி மட்சுதாகேதான் பின்னால் யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா என்ற எலெக்ட்ரானிக் இசைக்குழுவின் சிந்தசைசர் புரோகிராமர். ஜப்பானிய எலெக்ட்ரானிக் இசையின் பாதி வம்சாவளி டொமிடாவின் வீட்டு ஸ்டூடியோ வழியாகப் போகிறது என்றால் மிகையில்லை.

இதைப் பற்றிய முதல் சண்டை எப்போதும் கார்லோஸோடு ஒப்பிட்டுத்தான் வரும். அங்கேயே தெளிவாகிவிட வேண்டும். பாக் எழுதியது இழைகள். மூன்று குரல் என்றால் மூன்று இழை, ஒவ்வொன்றும் ஒற்றைச் சுரமாக நடக்கும். ஒற்றைச் சுரக் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான இசை இல்லை. டெபுஸி நேர் எதிர். பெடலை அழுத்திப் பிடித்தால் பியானோவின் கம்பிகள் எல்லாம் ஒன்றோடொன்று அதிர்ந்து, முந்தைய கார்டு அடங்குவதற்குள் அடுத்தது அதன் மேல் படியும். அந்த மயக்கம்தான் அவர் இசையின் உடம்பு. ஒரு சுரத்தை விட்டால்தான் அடுத்ததைப் பிடிக்க முடியும் என்ற கருவியில் இதைச் செய்யத் துணிந்ததே பெரிய காரியம். டொமிடா அதற்குக் கண்டுபிடித்த வழி இரண்டு. ஒன்று, மேலே சொன்ன அடுக்கல். இன்னொன்று, ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி இடமும் எதிரொலியும் கொடுப்பது. சுருள்கம்பியில் முழக்கம் எழுப்பும் ஏகேஜி நிறுவனத்தின் ஸ்பிரிங் ரிவெர்ப், சுழலும் காந்தத் தட்டில் பதிந்து திருப்பித் தரும் பின்சன் எக்கோ, ஒலியைச் சுழல்வது போலாக்கும் ஈவென்டைட் ஃபேஸர் மூன்றும் இங்கே அலங்காரத்துக்காக வரவில்லை. பியானோவின் பெடல் செய்யும் வேலையை இவை செய்கின்றன.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் முதல் பாட்டே வேறு மாதிரி கேட்கும். ‘ஸ்னோஃப்ளேக்ஸ் ஆர் டான்சிங்’, இரண்டு நிமிடச் சொச்சம். டெபுஸி தன் மகளுக்காக 1908-இல் முடித்த ‘சில்ட்ரன்ஸ் கார்னர்’ தொகுப்பில் நான்காவது. பியானோவில் இடக்கையும் வலக்கையும் மாறி மாறி ஒவ்வொரு சுரமாகத் தட்டும். வாசிப்பவர் திறமை முழுக்க அந்த இரண்டு கையும் ஒரே கைபோல் கேட்பதில் இருக்கிறது. டொமிடா அந்த ஒற்றுமையைக் கலைத்துவிட்டார். சிறு மணி போன்ற ஒலிகள், ஒன்று இடப்பக்கம் கிட்டத்தில், இன்னொன்று வலப்பக்கம் தூரத்தில் என்று விழுகின்றன. ஹெட்ஃபோனில் கேட்டால் ஒவ்வொரு பனித்துகளும் எங்கே விழுந்தது என்று கை காட்டலாம். பியானோ ரசிகர்கள் இதை ஒப்ப மாட்டார்கள். மங்கலாக, பனிமூட்டமாகக் கேட்க வேண்டியதை இவ்வளவு துலக்கமாக வைத்தது சரியா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பனி விழுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பது ஒன்று, அதற்குள் நின்று பார்ப்பது ஒன்று. டொமிடா உள்ளே நிறுத்துகிறார்.

‘ரெவெரி’ இனிமையானது, அதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. ‘கார்டன்ஸ் இன் த ரெயின்’ நல்ல மழை. டெபுஸி அதில் பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு இரண்டை ஒளித்து வைத்திருக்கிறார். பியானோவில் அவை சரசரக்கும் சுரங்களுக்குள் அமிழ்ந்து போகும். இங்கே வேறு நிறத்தில் வருவதால் மெட்டு தனியாகத் தலைதூக்கும். புதிதாகக் கேட்பவருக்கு இது பெரிய உதவி.

‘க்ளேர் த லூன்’ பற்றித்தான் கேட்பவர்கள் அதிகம் பேசுவார்கள், எனக்கு அதைவிட ‘அரபெஸ்க்’ முக்கியம். ஏழு நிமிடம், தட்டிலேயே நீளமானது. டொமிடாவின் முத்திரை ஒலியான விசில் இங்கே முழு உருவத்தில் நிற்கிறது. உண்மையில் யாரோ உதட்டைக் குவித்து சீழ்க்கை அடிக்கிறார்கள் என்றே நினைப்போம். அந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று கூர்ந்து கேளுங்கள். அலை வடிவம் கிட்டத்தட்ட வெறும் சைன். அதில் மேல் ஒலிப்பங்கே இல்லை. வெறும் சைன் அலை காதில் சோதனைக்கூட ஒலியாகத்தான் விழும். அதை மனித வாயாக மாற்றுபவை நான்கு சின்ன விஷயங்கள். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்வது, நம் காதுக்குக் கமகத்தின் நிழல் போலத் தெரிவது. சுரம் தொடங்கிய உடனே வராமல் கொஞ்சம் பொறுத்து வரும் அதிர்வு. சுரத்தின் தலையில் துளி காற்றுச் சத்தம். பிறகு, ஒலி எழுவதிலும் அடங்குவதிலும் ஒரு மென்மை.

இன்றைய மென்பொருள் சிந்தசைசர் எதிலும் இதைச் செய்து பார்க்கலாம், செய்து பார்த்தால்தான் டொமிடாவின் காது எவ்வளவு நுட்பமானது என்பது புரியும். ஒரே ஆஸிலேட்டர், சைன் அல்லது டிரையாங்கிள். மோனோ (ஒரு நேரத்தில் ஒரு சுரம்), லெகாட்டோ (சுரங்களுக்கிடையே இடைவெளி விடாமல்). வழுக்கல் 60 முதல் 80 மில்லி நொடி. என்வலப் எழுச்சி 40 மில்லி நொடி. அதிர்வு நொடிக்கு 5 அல்லது 6 முறை, சுரம் தொடங்கி 300 மில்லி நொடி கழித்து மெல்ல நுழைய வேண்டும். நாய்ஸை, அதாவது வெறும் இரைச்சலை, ஒரு குறுகிய பட்டையை மட்டும் விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரில் விட்டு, ஃபில்டர் சுரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி வைத்து, கேட்டும் கேட்காத அளவுக்குச் சேர்க்கவும். பெரும்பாலும் தப்பு நடப்பது இரண்டு இடத்தில். அதிர்வைத் தொடக்கத்திலிருந்தே வைத்தால் விசில் போய் அறிவியல் புனைகதைப் படத்தின் பறக்கும் தட்டு வந்துவிடும். நாய்ஸைச் சுரத்தோடு நகராமல் ஒரே இடத்தில் நிறுத்தினால் பின்னால் டயரில் காற்று இறங்குவது போலிருக்கும்.

விசிலுக்கு அடுத்தபடி கோரஸ், அதாவது கூட்டுக் குரல். மனிதக் குரலில் ‘ஆ’ வேறு, ‘ஊ’ வேறு என்று நமக்குத் தெரிவது தொண்டையின் சுரத்தால் இல்லை, வாய்க்குழியில் எந்த அலைவரிசைகள் தூக்கலாகின்றன என்பதால். ஆணின் ‘ஆ’வுக்கு ஏறத்தாழ 730, 1090 ஹெர்ட்ஸ் அருகில் மேடுகள், ‘ஊ’வுக்கு 300, 870 அருகில். மோக்கின் 914 ஃபில்டர் பேங்கில் பன்னிரண்டு நிலையான பட்டைகளும், கீழும் மேலும் ஒவ்வொன்றும் உண்டு. ரம்பப் பல் அலையை அதற்குள் விட்டு, வேண்டிய பட்டைகளை மட்டும் தூக்கினால் வாய் திறந்துகொள்ளும். டொமிடாவிடம் அந்தப் பேங்க் இரண்டு இருந்தது. கூடவே மெல்லட்ரானும் இருந்தது. அது ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டை ஓட்டும் கருவி. உண்மையான குரல் பதிவு கிடைக்கும், ஆனால் டேப் எட்டு நொடியில் தீர்ந்துவிடும். அதற்கு மேல் சுரம் நீள வேண்டுமென்றால் இன்னொரு பதிவை மேலே ஒட்ட வேண்டியதுதான்.

இந்த இரண்டும் சேரும் இடம் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டான ‘த எங்கல்ஃப்ட் கதீட்ரல்’. ஆறு நிமிடத்துக்கு மேல். பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில் ஈஸ் என்ற ஊர் கடலில் மூழ்கியதாகக் கதை. அதன் தேவாலயம் விடியலில் நீருக்கு மேல் எழும், மணியும் பாட்டும் ஆர்கனும் கேட்கும், பிறகு மறுபடி மூழ்கும். டெபுஸி இதை வெறும் பியானோவில் எழுதினார். தொடக்கத்துக் கார்டுகளைக் கவனித்தால் ஜி, ஏ, பி, டி, இ என்ற ஐந்தே சுரம். ஜி-யை ஷட்ஜமமாக வைத்தால் நமக்கு நன்றாகப் பழகிய மோகனம்தான். ஆனால் ராகமாக நடக்காது. சுரங்களை நெட்டாக அடுக்கி, அந்த அடுக்கை அப்படியே தூக்கி மேலே மேலே வைத்துக்கொண்டு போவார். மோகனம் தெரிந்த காதுக்கு அந்த இடம் ஒரே சமயத்தில் வீடாகவும் அந்நிய நிலமாகவும் இருக்கும். ‘த கேர்ள் வித் த ஃப்ளாக்ஸன் ஹேர்’ பாட்டின் தொடக்க மெட்டும் இதே ஐந்து சுரக் குடும்பம்தான், அங்கே ஜி ஃப்ளாட்டில்.

இந்தப் பாட்டில் கேட்பவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி சொல்வது: பியானோ மணியைப் போல, குரலைப் போல நடிக்கிறது, அந்த ‘போல’வில்தான் கவிதை இருக்கிறது, டொமிடா உண்மையான மணியையும் கோரஸையும் கொண்டுவந்து வைத்ததும் கற்பனைக்கு வேலையில்லாமல் போகிறது. தொடக்கத்து இரண்டு நிமிடத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு செல்லும். மூட்டத்தில் இருக்க வேண்டியதை விளக்குப் போட்டுக் காட்டிவிட்டார்.

ஆனால் தேவாலயம் முழுக்க எழுந்து நிற்கும் நடுப்பகுதிக்கு வாருங்கள். டெபுஸி அங்கே மேலே பெரிய கார்டுகளை அடுக்கி, அடியில் ஒரு தாழ்ந்த சி சுரத்தைப் பிடித்து வைக்கச் சொல்கிறார், ஆர்கனின் மிதிகட்டையைப் போல. பியானோவில் அது நடக்காது. கம்பியை அடித்த கணத்திலிருந்து ஒலி தேயும். வாசிப்பவர் திரும்பத் திரும்ப அடித்து ஒப்பேற்ற வேண்டும். ஆஸிலேட்டர் தேயாது. தளம் அசையாமல் நிற்க, மேலே கோபுரம் எழுகிறது. டெபுஸி காகிதத்தில் எழுதி வைத்துக் கேட்க முடியாமல் போன ஒன்றை இங்கே காதால் கேட்கிறோம். இந்த ஒரு நிமிடத்துக்காகவே தட்டை வாங்கலாம். மணியொலியும் நேர்த்தி. இரண்டு அலைகளை ரிங் மாடுலேட்டரில் விட்டால் கூட்டுத்தொகையும் வித்தியாசமும்தான் வெளியே வரும்: 400-ம் 540-ம் போனால் 940-ம் 140-ம். இரண்டுக்கும் சுர உறவு இல்லாததால் காதுக்கு உலோகம் அதிர்வது போலிருக்கும். இந்தத் தட்டின் மணிகளில் அந்தக் கோணல் அளவாக இருக்கிறது. கொஞ்சம் மிஞ்சியிருந்தால் தகர டப்பா.

‘பாஸ்பியே’ வேகமாக ஓடி முடியும். ‘கோலிவாக்ஸ் கேக்வாக்’தான் தட்டின் பலவீனம். கேலிக் குரல்களும் கார்ட்டூன் சத்தங்களுமாக இருக்கிறது. டெபுஸியே அதில் ஜெர்மன் ஓபரா இசையமைப்பாளர் வாக்னரைக் கிண்டல் செய்திருக்கிறார், அதனால் நகைச்சுவை தகும் என்று வாதாடுவோர் உண்டு. டெபுஸியின் கிண்டல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு செய்வது. இங்கே கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள். முதல் முறை சிரிப்பு வரும். ஐந்தாவது முறை அடுத்த பாட்டுக்குத் தாவத் தோன்றும். டொமிடாவின் பின்னால் வந்த தட்டுகளில் இந்தக் கார்ட்டூன் குணம் கூடிக்கொண்டே போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1975-இல் ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் இசையில் வந்த தட்டில் கோழிக்குஞ்சு பகுதி அதற்கு நல்ல சான்று.

கடைசிப் பாட்டு ‘ஃபுட்பிரின்ட்ஸ் இன் த ஸ்னோ’. இடறி இடறி நடக்கும் ஒரே தாளத் துண்டு தொடக்கம் முதல் முடிவு வரை. பனி உறைந்த சோக நிலப்பரப்பின் ஒலி அந்தத் தாளத்தில் இருக்க வேண்டும் என்று டெபுஸி தாளிலேயே எழுதிவைத்தார். டொமிடா இங்கே அதிகம் அடுக்கவில்லை, நிறைய வெற்றிடம் விட்டிருக்கிறார். கோலிவாக்கில் அவ்வளவு ஆடியவரா இவர் என்று தோன்றும்.

பொதுவான குறைகள் இரண்டு. டேஞ்சரின் ட்ரீம், கிளாஸ் ஷுல்ஸ் போன்ற ஜெர்மானியர்கள் வழியாக எலெக்ட்ரானிக் இசைக்கு வந்தவர்கள் இதில் சுர வரிசையைத் தானாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் சீக்வென்ஸரின் ஓட்டத்தைத் தேடி ஏமாறுவார்கள். அவர்கள் தேடும் இருபது நிமிட மிதப்பு இங்கே கிடையாது. சீக்வென்ஸர் பெட்டி டொமிடாவிடம் இருந்தது, ஆனால் எழுதி முடித்த இசையின் வாத்திய அமைப்புதான் அவர் கவனம் முழுக்க. இரண்டாவது குறை உண்மையிலேயே குறை: காலப்பிரமாணம். டெபுஸி வாசிப்பவர் ஒரு சுரத்தில் கொஞ்சம் தயங்கி, அடுத்ததில் ஈடுகட்டுவார். அடுக்கடுக்காகப் பதியும்போது, முதல் அடுக்கில் தயங்கியது எவ்வளவோ அதே அளவு மற்ற எல்லா அடுக்கும் தயங்க வேண்டும். அதனால் நெகிழ்வு வேண்டிய இடத்தில் நடை நிதானமாக, சில சமயம் மிக நிதானமாக இருக்கிறது. ‘க்ளேர் த லூன்’ நடுவில், பியானோவில் அலை புரள வேண்டிய இடத்தில், இது நன்றாகத் தெரியும். எவ்வளவு அழகான நிறமும் அந்த அலையை ஈடுகட்டவில்லை.

டேப் இரைச்சலைக் குறை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தெரிந்து வாங்க வேண்டும். பதினாறு டிராக் போதாதபோது பல டிராக்கைக் கலந்து ஒன்றாக்கி, இடம் பிடித்து, மறுபடி பதிய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை நகல் எடுக்கும்போதும் இரைச்சல் ஏறும். சம அளவுள்ள இரண்டு இரைச்சல் சேர்ந்தால் 3 டெசிபல் கூடும். மென்மையான இடங்களில் பின்னணியில் ஒரு ‘ஸ்ஸ்’ கேட்டால் உங்கள் கருவியில் பழுதில்லை.

இனி எந்தப் பதிப்பு என்ற விஷயம். பழைய அமெரிக்கத் தட்டு இரண்டு வகை. ஏஆர்எல்1-0488 சாதாரண ஸ்டீரியோ. ஏஆர்டி1-0488 நான்கு வழி க்வாட்ராடிஸ்க், முன்னால் இரண்டு பின்னால் இரண்டு ஸ்பீக்கருக்கானது. எழுத்து ஒன்றுதான் வித்தியாசம், கவனிக்காமல் வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய. டொமிடா ஒலியை நான்கு மூலைக்கும் வைத்துச் சிந்தித்தவர் என்பதால் நான்கு வழிப் பதிப்பில் அவர் எண்ணம் முழுசாகத் தெரியும். ஆனால் அதைக் கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை.

க்வாட்ராடிஸ்க் என்பது ஜேவிசியின் சிடி-4 முறை. முன்-பின் ஒலிகளின் கூட்டுத்தொகை வழக்கம்போல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை பள்ளத்தில் இருக்கும். வித்தியாசம், காதுக்குக் கேட்காத 30 கிலோஹெர்ட்ஸ் சுமப்பு அலையான கேரியர் மேல் ஏறியிருக்கும். இதைப் பிரிக்க டிமாடுலேட்டர் பெட்டி வேண்டும். அதற்கு முன்னால் முள் அந்தக் கேரியரை எடுக்க வேண்டும், தொல்லை அங்கேதான். 33⅓ வேகத்தில் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் முள்ளைக் கடப்பது நொடிக்கு 51 சென்டிமீட்டர். உள் விளிம்பில் 21-க்கு இறங்கிவிடும். அங்கே 30 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் வெறும் 7 மைக்ரான். சாதாரண உருண்டை முள்ளின் நுனி ஆரம் 15 மைக்ரானுக்கு மேல். அந்த அலைக்குள் இறங்கவே முடியாது. ஜேவிசியில் நோரியோ ஷிபாட்டா வடிவமைத்த ஷிபாட்டா முள் இதற்காகப் பிறந்ததுதான். அந்த முள்ளோ அதை ஒத்த நேர்கோட்டு வடிவ முள்ளோ வேண்டும். டர்ன்டேபிளிலிருந்து போகும் கேபிளின் கெபாசிட்டன்ஸ், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, 100 பிகோஃபாரடுக்குள் இருக்க வேண்டும். நீளக் கேபிள் போட்டால் கேரியர் வழியிலேயே செத்துவிடும். பிறகு டிமாடுலேட்டரில் கேரியர் அளவையும், முன்-பின் பிரிப்பையும் சோதனைத் தட்டு வைத்துச் சரிசெய்ய வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பின் ஸ்பீக்கரில் உப்புத்தாள் தேய்ப்பது போல் சரசரவென்று வந்தால், முந்தைய உரிமையாளர் கனமான உருண்டை முள்ளில் ஓட்டிக் கேரியரைச் சீவிவிட்டார் என்று பொருள். அதற்கு மருந்தில்லை. தட்டைக் கழுவினால் தூசி போகும், சீவப்பட்டது திரும்பாது. அந்தத் தட்டை டிமாடுலேட்டர் இல்லாமல் ஸ்டீரியோவாகக் கேட்டால் சுமாராக ஒப்பேறும்.

2012-இல் ஜப்பானில் வந்த எஸ்ஏசிடி (பல வழி ஒலியும் தாங்கும் உயர்தர சிடி) நான்கு வழிக்கு எளிய பாதை. ஒரு எச்சரிக்கை: எண்பது வயதில் டொமிடாவே மறுபடி கைவைத்த பதிப்பு அது. பழைய தட்டின் அப்படியே நகல் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். முதல் முறை கேட்பவர் பழைய ஸ்டீரியோ வடிவத்தில் தொடங்குவது நல்லது. பழகிய பிறகு இதற்குப் போனால் அவர் எதை மாற்ற விரும்பினார் என்பது தெரியும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு: செயலியில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், ‘சத்தமாக’ என்ற நிலையில் கட்டாயம் வைக்காதீர்கள். மூழ்கிய தேவாலயம் மெல்லத் தொடங்கி எழுவதில்தான் எல்லாம் இருக்கிறது. மேட்டை வெட்டிச் சமமாக்கினால் தேவாலயம் எழவே எழாது. ஒலி அளவை அந்தப் பாட்டின் நடுப்பகுதியில், காது தாங்கும் உச்சத்தில் வைத்துவிட்டு, முதலிலிருந்து போடுங்கள். மென்மையான இடத்தில் கைவைக்காதீர்கள். மலிவான புளூடூத் இயர்போனில் முதலில் சாவது எதிரொலியின் வால். இந்தத் தட்டில் பாதி இசை அந்த வாலில் இருக்கிறது. சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும்.

பழைய தட்டுக் கடையில் ஸ்டீரியோப் பதிப்பு கிடைத்தால், போட்டுக் காட்டும்போது முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். வெளி விளிம்பு எல்லாத் தட்டிலும் நன்றாகத்தான் கேட்கும். முதல் பக்கம் 23 நிமிடத்துக்கு மேல், நெருக்கமாக வெட்டிய பள்ளம், அதன் உள் விளிம்பில் இருப்பது ‘அரபெஸ்க்’. வேகம் குறைந்த இடத்தில் உச்சஸ்தாயி விசில். தேய்மானம் முதலில் காட்டிக்கொடுப்பது அங்கேதான். முள்ளை அந்தப் பாட்டின் கடைசி இரண்டு நிமிடத்தில் வைக்கச் சொல்லுங்கள். விசில் வழுவழுவென்று இருந்தால் பேரம் பேசலாம். சுரத்தின் ஓரத்தில் பிசிறு தட்டினால், கடைக்காரரின் முள்ளைத் துடைத்து இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். அப்போதும் பிசிறு இருந்தால் உறையில் திருப்பி வைத்துவிடுங்கள்.